மைதானத்தில் அரசியல் இல்லையாம்!

"விளையாட்டை விளையாட்டாகப் பாருங்கள், அதற்குள் அரசியலைக் கலக்காதீர்கள்." உலகக் கிண்ண உதைபந்தாட்டம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இந்த உபதேசமும் கூடவே எழுவது வழக்கம். எனக்கு அது அண்மையில் ஒரு நீண்ட கடிதமாகவே வந்து சேர்ந்தது. எழுதியவர் ஐரோப்பிய நாடொன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆசிரியராகப் பணியாற்றிவரும் எம்மவர். பத்திரிகைக்காரனுக்கு 'ஆசிரியர்' என்றால் வேறு பொருளும் உண்டு என்பதால், ஊர் வழக்கப்படி அவரை 'மாஸ்ரர்' என்றே இங்கு குறிப்பிடுகின்றேன்.

மாஸ்ரர் நல்லவர். ஓய்வுநேரத்தில் எம்மவர் பிள்ளைகளுக்குத் தமிழும் உதைபந்தாட்டமும் சொல்லிக்கொடுப்பவர். ஆகவே அவருடைய கருத்துகளை அலட்சியமாகத் தூக்கிப்போட மனம் வரவில்லை. அவர் சொல்வதன் சாரம் நான்கே வரிகளில் அடங்கும்.

ஒன்று: உதைபந்தாட்டம் மனிதரை ஒன்றுசேர்க்கும், அரசியல் பிரிக்கும், இரண்டும் கலக்கக்கூடாது. இரண்டு: அரசியல் என்பது வாக்குச்சாவடியில் முடிந்துபோக வேண்டிய விடயம், வகுப்பறைக்குள் அதற்கு இடமில்லை. மூன்று: வீதியை மறித்துச் செய்யும் போராட்டங்கள் போராடுபவர்களின் நியாயத்தையே கெடுத்துவிடுகின்றன. நான்கு: ஊடகங்கள் அனைத்தும் விலைபோனவை, எவர் எழுதுவதையும் நம்பத் தேவையில்லை.

இந்த நான்கையும் தனித்தனியாகப் பார்த்தால் விவேகமுள்ள ஒருவரின் எச்சரிக்கைகள் போலத் தோன்றும். சேர்த்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். விளையாடும் இடத்தில் பேசாதே, படிக்கும் இடத்தில் பேசாதே, வீதியில் பேசாதே, எழுதுபவனை நம்பாதே. அப்படியானால் ஒரு மனிதன் எங்குதான் பேசுவது? மாஸ்ரரிடம் படிக்கும் பிள்ளைகள் இதைத்தான் கற்றுக்கொண்டு போகிறார்கள் என்றால், அது சாதாரண விடயமல்ல. அதனாலேயே இந்தப் பதில்.

மைதானத்தின் அடியில்

தூரதேசங்களுக்குப் போகுமுன் யாழ்ப்பாணத்தில் தொடங்குவோம். மாஸ்ரர் இளவயதில் பந்து உதைத்ததாகப் பெருமையோடு குறிப்பிடும் மைதானம் துரையப்பா விளையாட்டரங்கு. அதன் பெயரே ஓர் அரசியல்வாதியின் பெயர். யாழ் மேயராக இருந்து 1975 யூலையில் சுட்டுக்கொல்லப்பட்ட அல்பிரட் துரையப்பாவின் பெயர். 1999இல் அந்த அரங்கைத் திருத்தியமைக்கும் வேலை நடந்தபோது நிலத்தின் கீழிருந்து மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவை இந்திய அமைதிப்படைக் காலத்துக்குரியவை என்ற பேச்சு ஊர் முழுவதும் இருந்தது. பின்னர் அதே அரங்கு இந்திய அரசின் நிதியுதவியுடன் புதுப்பிக்கப்பட்டு, 2016 யூனில் திறந்துவைக்கப்பட்டது. இலங்கை ஜனாதிபதி நேரில் நின்றார். இந்தியப் பிரதமர் காணொளி வழியாகக் கலந்துகொண்டார்.

பெயரில் அரசியல், மண்ணுக்கடியில் அரசியல், கட்டிய பணத்தில் அரசியல், திறப்புவிழாவில் அரசியல். பந்தை உதைக்கும் பிள்ளை மட்டும் அரசியல் பேசக்கூடாது!

இது எமது தீவுக்கு மட்டும் உரிய சாபமல்ல. சிலி நாட்டின் தலைநகர் சந்தியாகோவிலுள்ள தேசிய விளையாட்டரங்கின் கதையை மாஸ்ரர் தம் மாணவர்களுக்கு ஒருமுறையேனும் சொல்லவேண்டும். 1973 செப்ரெம்பர் 11ஆம் திகதி ஜெனரல் பினோசே, தேர்ந்தெடுக்கப்பட்ட அயெந்தே அரசைக் கவிழ்த்தார். சில நாட்களுக்குள் அந்த அரங்கு தடுப்புமுகாமானது. ஆயிரக்கணக்கானோர் பார்வையாளர் படிக்கட்டுகளில் அடைத்துவைக்கப்பட்டனர், உடைமாற்றும் அறைகளில் சித்திரவதை நடந்தது, பலர் கொல்லப்பட்டனர். அதே நகரில் 'சிலி அரங்கு' என்ற சிறிய உள்ளரங்கும் இருந்தது. பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பாடகரும் நாடக நெறியாளருமான விக்ரர் ஹாரா அங்குதான் தடுத்துவைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அந்த உள்ளரங்கு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவரது கொலை தொடர்பாக முன்னாள் இராணுவத்தினர் எழுவரின் தண்டனையைச் சிலியின் உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது 2023இல். ஐம்பது ஆண்டுகள்!

அந்த நேரத்தில் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டி ஒன்று எஞ்சியிருந்தது. சோவியத் ஒன்றியமும் சிலியும் மொஸ்கோவில் ஆடிய முதலாவது ஆட்டம் கோல் எதுவுமின்றி முடிந்திருந்தது. இரண்டாவது ஆட்டம் சந்தியாகோ தேசிய அரங்கில். மனிதரைக் கொன்ற மண்ணில் ஆடமாட்டோம் என்றது சோவியத் தரப்பு. உலக உதைபந்தாட்டத்தை ஆளும் பீஃபா 1973 ஒக்ரோபரில் பார்வையாளர் குழு ஒன்றை அனுப்பியது. அவர்கள் வந்த வேளையில் கைதிகள் அரங்கின் அடித்தளத்தில் இருந்தார்கள். மேலே புல்தரை பசுமையாக இருந்தது. ஆடலாம் என்று அறிக்கை போயிற்று.

நவம்பர் 21ஆம் திகதி சிலி அணி மைதானத்தில் இறங்கியது. எதிரே எவரும் இல்லை. பந்தைத் தமக்குள் தட்டிக்கொண்டு போய், காவலர் இல்லாத கம்பத்துக்குள் அணித்தலைவர் உதைத்தார். கோல்! சிலி உலகக் கிண்ணத்துக்குத் தகுதிபெற்றது. 'விளையாட்டை விளையாட்டாகப் பாருங்கள்' என்ற கொள்கை முழுமையாக நிறைவேறிய ஆட்டம் உலகில் ஒன்று உண்டென்றால், அது இதுதான். எதிரணியே இல்லாத ஆட்டம்.

கையை நீட்டாத ஒருவன்

அந்தச் சிலி அணியில் கார்லோஸ் கஸெலி என்ற முன்னணி வீரர் இருந்தார். 1974 உலகக் கிண்ணத்துக்காக மேற்கு ஜேர்மனி புறப்படுமுன் வீரர்களை வழியனுப்ப வந்த பினோசே ஒவ்வொருவராகக் கைகுலுக்கிக்கொண்டு வந்தார். கஸெலி தன் கையை நீட்டவில்லை. அவ்வளவுதான் அவர் செய்தது. முழக்கமில்லை, பதாகையில்லை. அவருடைய தாயார் கைதுசெய்யப்பட்டுச் சித்திரவதைக்குள்ளாக்கப்பட்டார்.

1988இல் பினோசே தன் ஆட்சியை மேலும் எட்டு ஆண்டுகள் நீடிக்க மக்கள் தீர்ப்புக் கோரினார். 'வேண்டாம்' என்ற தரப்புக்கு நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடத் தொலைக்காட்சி நேரம் கிடைத்தது. அதில் ஒருநாள் முதிய பெண்ணொருவர் தோன்றித் தனக்கு நேர்ந்த கொடுமையை அமைதியாகச் சொன்னார். அவர் பேசி முடித்ததும் அருகே கஸெலி தோன்றி, இவர் என் தாய் என்றார். அக்ரோபர் 5ஆம் திகதி வாக்களித்தோரில் ஏறக்குறைய 56 வீதத்தினர் 'வேண்டாம்' என்றனர்.

மாஸ்ரர் இங்கே குறுக்கிடுவார்: "பார்த்தீர்களா, இறுதியில் வாக்குச்சாவடிதானே தீர்த்துவைத்தது!" ஆம், தீர்த்துவைத்தது வாக்குச்சாவடிதான். ஆனால் வாக்காளன் அங்கு போய்ச் சேருமுன் பதினைந்து ஆண்டுகள் நடந்தவற்றை எண்ணிப்பாருங்கள். நீட்டப்படாத ஒரு கை, பேசத் துணிந்த ஒரு தாய், கிடைத்த பதினைந்து நிமிடத்தைப் பயன்படுத்தத் தெரிந்த ஊடகக்காரர்கள், அடிவாங்கியபடி வீதியில் நின்ற மக்கள். இவையெல்லாம் இல்லாத வாக்குச்சாவடி வெறும் பெட்டி. பினோசேயும் 1980இல் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்; வென்றார். வாக்குச்சாவடி அன்றும் இருந்தது.

மாஸ்ரரின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு; அதை மறைக்க வேண்டியதில்லை. உதைபந்தாட்டம் எந்த ஆட்சியையும் கவிழ்த்ததில்லை. பெரும்பாலும் ஆட்சியாளர்களே அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1978இல் ஆர்ஜென்டீனாவில் நடந்தது அதுதான். இராணுவ ஆட்சி உலகக் கிண்ணத்தை நடத்தியது. சொந்த அணி கிண்ணத்தையும் வென்றது. ஜெனரல் விதேலா தம் கையாலேயே அதை வழங்கினார். இறுதியாட்டம் நடந்த அரங்கிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் கடற்படைப் பொறியியற் பள்ளி இருந்தது. அதுவே அந்நாட்டின் மிகப் பயங்கரமான இரகசியத் தடுப்புமுகாம். கோலுக்கு எழுந்த ஆரவாரம் சங்கிலியில் கிடந்தவர்களுக்கும் கேட்டது.

ஆனால் இந்த நியாயத்திலிருந்து மாஸ்ரர் எடுக்கும் முடிவுதான் தலைகீழானது. ஆட்சியாளர் மைதானத்தைப் பயன்படுத்துகிறார் என்பதற்காக, ஆளப்படுபவர் மைதானத்தைவிட்டு ஒதுங்கவேண்டுமா? ஒதுங்கினால் மைதானம் அரசியலற்றதாகிவிடாது. ஒருவருடைய அரசியல் மட்டும் அங்கு மிஞ்சும்.

பீஃபாவின் போக்கைப் பாருங்கள். 2022 நவம்பரில், கட்டார் உலகக் கிண்ணம் தொடங்குமுன், அதன் தலைவர் 32 அணிகளுக்கும் கடிதம் எழுதினார்: உதைபந்தாட்டத்தில் மட்டும் கவனம் செலுத்துங்கள் என்று. அதே ஆண்டு பெப்ரவரியில் உக்ரெயின்மீது படையெடுத்த ரஷ்யாவை ஒரு வாரத்துக்குள் இடைநிறுத்தியதும் அதே பீஃபாதான். அதைச் சரியென்றே நான் சொல்வேன். ஆனால் இஸ்ரேலை இடைநிறுத்தும்படி பலஸ்தீன உதைபந்தாட்டச் சங்கம் 2024இல் கேட்டபோது, முடிவு தள்ளிப்போடப்பட்டுக்கொண்டே போயிற்று. 2023 ஜனவரியில் இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியபோது சொல்லப்பட்ட காரணம் என்ன? வெளியார் தலையீடு! இத்தனைக்கும் சிகரமாக, 2025 டிசெம்பர் 5ஆம் திகதி வொஷிங்ரனில் 2026 உலகக் கிண்ணத்துக்கான குழுக்கள் தெரிவுசெய்யப்பட்ட விழாவில், தாமே புதிதாக உருவாக்கிய 'சமாதானப் பரிசு' ஒன்றை அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்பின் கையில் கொடுத்தார்கள். அரசியல் வேண்டாம் என்று அணிகளுக்குக் கடிதம் எழுதியவரேதான் கொடுத்தார்.

ஆக, விதி என்னவென்றால், பலமுள்ளவனின் அரசியலுக்கு மேடையும் மாலையும். பலமற்றவனின் அரசியலுக்கு மஞ்சள் அட்டை. கட்டாரில் ஒரு கைப்பட்டியை அணியக்கூட அட்டை காட்டுவோம் என்று மிரட்டினார்கள் அல்லவா? அதன் பின் ஜேர்மன் வீரர்கள் வாயைப் பொத்தியபடி படத்துக்கு நின்றார்கள். ஈரானிய வீரர்கள் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தின்போது தம் தேசிய கீதத்தைப் பாடாது நின்றார்கள். ஜேர்மனியர் வாயைப் பொத்திக்கொண்டதற்கும், ஊருக்குத் திரும்பிப் போகவேண்டிய ஈரானியர் வாய்திறக்காது நின்றதற்கும் உள்ள வித்தியாசம் அகதியாய் அலைந்த எமக்கு விளங்காமல் இருக்கமுடியாது.

கட்டார் அரங்குகளையும் அந்த நகரையும் கட்டியவர்கள் யார்? இந்தியர், நேபாளியர், வங்கதேசத்தவர், பாகிஸ்தானியர், இலங்கையர். போட்டி கட்டாருக்கு வழங்கப்பட்டதிலிருந்து பத்தாண்டுகளில் இந்த ஐந்து நாடுகளையும் சேர்ந்த 6,500இற்கும் மேற்பட்ட தொழிலாளர் அங்கு இறந்ததாக 'கார்டியன்' பத்திரிகை 2021இல் எழுதியது. அந்தத் தொகை எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மரணங்களை உள்ளடக்கியது. கட்டார் அரசு அதன் பொருளை மறுத்தது. வாதம் இருக்கட்டும். பெட்டியில் திரும்பி வந்தவர்களின் வீடுகள் எம்முடைய கிராமங்களிலும் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளையிடம் போய் 'விளையாட்டை விளையாட்டாகப் பார்' என்று மாஸ்ரரால் சொல்லமுடியுமா?

வீதியும் அதன் ஓரமும்

போராட்டம் பற்றிய மாஸ்ரரின் கருத்தே என்னை அதிகம் வருத்தியது. "2009இல் எங்கள் ஆட்கள் வீதியை மறித்து இந்த நாட்டவரின் அனுதாபத்தைக் கெடுத்தார்கள்" என்று எழுதியிருக்கிறார்.

2009 மே 10ஆம் திகதி, ஒரு ஞாயிறு மாலை. ரொறன்ரோவில் கார்டினர் அதிவேக வீதியில் ஆயிரக்கணக்கான தமிழர் ஏறி அமர்ந்து பல மணிநேரம் போக்குவரத்தை நிறுத்தினர். அன்று அன்னையர் தினம். வன்னியில் எறிகணைகள் விழுந்துகொண்டிருந்த நாட்கள். அதற்கு முந்திய மாதங்களில் அதே மக்கள் மனிதச் சங்கிலி அமைத்தார்கள், மனுக் கொடுத்தார்கள், தூதரகங்களின் முன் ஒழுங்காக நின்றார்கள், பொலிஸார் காட்டிய வேலிக்குள் நின்றார்கள். அப்போது எத்தனை பத்திரிகைகள் முதற்பக்கத்தில் எழுதின? வீதி மறிக்கப்பட்ட மறுநாள் எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. எதை எழுதின? பெரும்பாலும் வாகன நெரிசலைப் பற்றியே. இது போராடியவர்களின் குற்றமா, அல்லது நெரிசலில் மட்டுமே செய்தியைக் கண்ட கண்களின் குற்றமா?

வீதி மறிப்பதற்கு எல்லை உண்டு என்பதை நானும் ஏற்கின்றேன். நோயாளர் வண்டிக்கு வழிவிடாத மறியல் மறியல் அல்ல. குழந்தைகளை முன்னே நிறுத்துவது எந்த நியாயத்துக்கும் பெருமை சேர்க்காது. ஆனால் மாஸ்ரர் இந்த எல்லைகளைப் பற்றிப் பேசவில்லை. ஒருவருக்கும் சிரமம் தராமல் போராடுங்கள் என்கிறார். அப்படியும் போராடிப் பார்த்தாகிவிட்டது, மாஸ்ரர்! 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரத்தில் கொட்டகை போட்டு அமர்ந்தார்கள். வவுனியாவில், முல்லைத்தீவில், மற்ற மாவட்டங்களிலும் அமர்ந்தார்கள். வீதியை மறிக்கவில்லை; அதன் ஓரத்தில் இருந்தார்கள். நாட்கள் ஆண்டுகளாயின. படத்தைக் கையில் பிடித்தபடியே பல தாய்மாரும் தந்தையரும் விடை தெரியாமல் இறந்துபோயினர். அந்தச் சாலைகளால் பேருந்துகள் தடையின்றிப் போய்வந்தன. எவருடைய அனுதாபமும் கெடவில்லை. அவர்களுடைய கேள்விக்குப் பதில்தான் கிடைக்கவில்லை.

ஆர்ஜென்டீனாவின் மே சதுக்கத் தாய்மாரும் இப்படித்தான் தொடங்கினார்கள். 1977 ஏப்ரல் 30ஆம் திகதி ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் பதினான்கு பெண்கள். கூட்டமாக நிற்கக்கூடாது, நடந்துகொண்டே இருங்கள் என்றது பொலிஸ். சரி, நடக்கிறோம் என்று சதுக்கத்தின் நடுவிலுள்ள தூணைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். சட்டத்துக்கு இதைவிடப் பணிந்து நடக்கமுடியாது. அந்த ஆண்டு டிசெம்பரில் அவர்களின் முதன்மையானவரான அசுசேனா வில்லாபுளோர் கடத்தப்பட்டார்; அவருடைய எலும்புகள் அடையாளம் காணப்பட்டது 2005இல்தான். ஒழுங்காக நடந்தவர்களுக்கும் அதுவே கூலி.

அவர்களை உலகம் எப்படிக் கண்டது? 1978 யூன் 1ஆம் திகதி, உலகக் கிண்ணத் தொடக்கநாள், வியாழக்கிழமை. தாய்மார் வழக்கமாக நடக்கும் நாள். எல்லாக் கமராக்களும் அரங்கில் இருந்தபோது நெதர்லாந்துத் தொலைக்காட்சிக்காரர் சதுக்கத்துக்குப் போனார்கள். வெள்ளைத் தலைத்துணி கட்டிய பெண்கள் அந்தக் கமராவை நோக்கி, நீங்களே எங்கள் கடைசி நம்பிக்கை என்று கதறினார்கள். உதைபந்தாட்டம் பார்க்க வந்த ஒரு கமரா திசைமாறியதால் ஒரு நாட்டின் இரகசியம் வெளியே வந்தது. விளையாட்டு, போராட்டம், ஊடகம் மூன்றும் அன்று அந்தச் சதுக்கத்தில் கலந்தன. மாஸ்ரர் எவை கலக்கக்கூடாது என்கிறாரோ, அவையே!

பிறேசிலின் உதாரணம் இன்னும் சிக்கலானது. ஆகவே அதிகம் படிப்பினை உள்ளது. 2013 யூனில் சாவோ பவுலோ நகரில் பேருந்துக் கட்டணம் மூன்று ரியாலிலிருந்து இருபது சதம் கூட்டப்பட்டது. இளைஞர் வீதிக்கு வந்தார்கள். உலகக் கிண்ணத்துக்கு முன்னோடியான கூட்டமைப்புக் கிண்ணப் போட்டி அப்போது பிறேசிலில் தொடங்கவிருந்தது. அரங்குகளுக்குக் கொட்டிய பணத்தைப் பார்த்த மக்கள், பீஃபா தரத்தில் எங்களுக்குப் பாடசாலையும் வைத்தியசாலையும் தாருங்கள் என்று பதாகை பிடித்தார்கள். உதைபந்தாட்டத்தை உயிராக நேசிக்கும் நாட்டில் எழுந்த கோரிக்கை இது. யூன் 19ஆம் திகதி கட்டண உயர்வு மீளப்பெறப்பட்டது.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. தலைமையும் தெளிவான அரசியலும் இல்லாத அந்தக் கோபத்தை வேறு சக்திகள் பின்னர் அறுவடை செய்தன. 2016இல் ஜனாதிபதி டில்மா ரூசெவ் பதவிநீக்கப்பட்டார். 2018இல் பொல்சொனாரோ வென்றார். பிறேசில் அணியின் மஞ்சள் மேலாடை ஒரு கட்சியினரின் சீருடைபோல் ஆகி, மறுதரப்பினர் அதை அணியக் கூச்சப்படும் நிலை வந்தது. மாஸ்ரர் இதைத் தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளக்கூடும். நான் எடுக்கும் பாடம் வேறு. மக்கள் அரசியலில் இறங்கியதால் வந்த கேடல்ல இது. அரசியலைக் கற்காமல் இறங்கியதால் வந்தது. கோபம் தானாகவே வரும். அந்தக் கோபத்துக்குத் திசை சொல்லிக்கொடுப்பது யார்? வகுப்பறையில் அரசியலுக்கு இடமில்லை என்று கதவைச் சாத்தும் ஆசான், அந்தப் பிள்ளையை வெளியே காத்திருக்கும் வேறொரு ஆசானிடம் அனுப்பிவைக்கிறார் என்பதை உணரவேண்டும்.

விலைபோன ஊடகம், விலைகொடுத்த ஊடகம்

இனி, என் தொழிலைப் பற்றி. ஊடகங்கள் விலைபோகின்றன என்று மாஸ்ரர் சொல்வதை நான் மறுக்கப்போவதில்லை. அவரைவிட எனக்கு அது நன்றாகத் தெரியும். சிலியில் அயெந்தே அரசுக்கு எதிராக 'எல் மெர்க்கூரியோ' பத்திரிகைக்கு அமெரிக்க உளவுத்துறை பணம் கொடுத்ததை அமெரிக்க செனற் சபையின் விசாரணைக் குழுவே 1975இல் வெளிப்படுத்தியது. பிறேசிலின் பெரிய பத்திரிகைகள் 2013 யூன் 13ஆம் திகதி காலையில் போராட்டக்காரரை அடக்கும்படி ஆசிரியத் தலையங்கம் தீட்டின. அன்றிரவு பொலிஸாரின் இறப்பர் குண்டுகள் அதே பத்திரிகைகளின் செய்தியாளர்களையும் தாக்கின. அதன் பிறகே அவற்றின் குரல் மாறியது. தன் வீட்டுப் பிள்ளையின் கண்ணில் இரத்தம் வந்தால்தான் அடக்குமுறை தெரிகின்றது!

எம்மவர் பட்டதும் குறைவல்ல. 2009இல் லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் உண்ணாவிரதம் இருந்தவர் பரமேஸ்வரன் சுப்பிரமணியம். அவர் இரகசியமாக பேர்கர் சாப்பிட்டார் என்றும் பொலிஸாரின் கமராவில் அது பதிவானது என்றும் அந்த ஆண்டு ஒக்ரோபரில் 'டெய்லி மெயில்', 'சண்' ஆகிய இரு பத்திரிகைகள் எழுதின. அப்படியான பதிவு எதுவும் பொலிஸாரிடம் இருக்கவில்லை. அவர் வழக்குத் தொடர்ந்தார். 2010 யூலையில் இரு பத்திரிகைகளும் மன்னிப்புக் கேட்டு, மொத்தம் 77,500 பவுண் நட்டஈடு செலுத்தின. பொய் உலகைச் சுற்றிவர ஒருநாள் போதுமாயிருந்தது. திருத்தம் வர ஒன்பது மாதங்கள் ஆயின. இன்றும் எம்மவரிலேயே சிலர் அந்த பேர்கர் கதையைச் சொல்லிச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். வழக்கின் முடிவு அவர்களுக்குத் தெரியாது. 'எந்த ஊடகத்தையும் நம்பேன்' என்பவர்களும் இந்தக் கதையை மட்டும் எப்படி நம்பினார்கள் என்று நான் வியப்பதுண்டு.

இங்குதான் மாஸ்ரரின் நான்காவது கருத்து உடைகின்றது. எல்லா ஊடகமும் பொய் என்பவன் உண்மையில் எதையும் சந்தேகிப்பதில்லை. அவன் தனக்குப் பிடித்ததை நம்புகிறான். பிடிக்காததைப் பொய் என்கிறான். சந்தேகிப்பதென்றால் உழைக்கவேண்டும். யார் எழுதினார், எங்கிருந்து எழுதினார், எதைக் கண்ணால் கண்டார், எதைக் கேட்டு எழுதினார், யார் பணம் கொடுத்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும்.

2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுசென்ற குண்டு வெடித்தே இறந்தார்கள் என்றது படைத்தரப்பு. சுகிர்தராஜன் என்ற செய்தியாளர் பிணவறைக்குப் போய் உடல்களைப் படம்பிடித்தார். தலையில் பாய்ந்த துப்பாக்கிச் சூடுகளை 'சுடர் ஒளி' வெளியிட்ட அந்தப் படங்கள் காட்டின. அரச தரப்புக் கதை அங்கேயே செத்தது. அதே மாதம் 24ஆம் திகதி சுகிர்தராஜன் சுட்டுக்கொல்லப்பட்டார். 2000 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார் நிமலராஜன். 2006 மே 2ஆம் திகதி, உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்துக்கு முதல்நாள் இரவு, 'உதயன்' அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக்கொன்றார்கள். சிங்களத் தரப்பிலும் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி பட்டப்பகலில் கொல்லப்பட்டார்.

மாஸ்ரர், ஊடகம் அனைத்தும் விலைபோனது என்றால் இவர்களை ஏன் கொன்றார்கள்? விலைபோனவனைக் கொல்லத் தேவையில்லை. அவனுக்கு மாதச் சம்பளம் கொடுத்தால் போதும். ஆர்ஜென்டீனாவில் பெரும் பத்திரிகைகள் வாய்மூடியிருந்தபோது, சிறிய ஆங்கிலப் பத்திரிகையான 'புவனஸ் அயர்ஸ் ஹெரல்ட்' காணாமல் போனோரின் பெயர்களை அச்சிட்டது. அதன் ஆசிரியர் ரொபேர்ட் கொக்ஸ் 1979 இறுதியில் குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. இராணுவ ஆட்சியின் முதலாண்டு நிறைவில் அதன் கொடுமைகளைக் கணக்கிட்டுப் பகிரங்கக் கடிதம் எழுதிய ரொடோல்போ வால்ஷ், மறுநாளே, 1977 மார்ச் 25ஆம் திகதி, நடுத்தெருவில் வீழ்த்தப்பட்டார். விலைபோனவர்களையும் விலைகொடுத்தவர்களையும் ஒரே கூடையில் போட்டு 'எல்லாம் பொய்' என்று சொல்வதைக் கேட்டு மகிழ்பவர் யார்? கொன்றவர்கள்தான். அவர்கள் கேட்பதும் அதையேதான்: எவரையும் நம்பாதே.

பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியது

மாஸ்ரர் வகுப்பில் எந்தக் கட்சிக்கு வாக்களிக்கவேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, சொல்லவும் கூடாது. எந்தக் கொடியையும் பிள்ளையின் கையில் திணிக்கத் தேவையில்லை. எமது சமூகத்தில் அந்தத் திணிப்பு எத்தனை தாய்மாரின் வயிற்றை எரித்தது என்பதை அறியாதவன் அல்ல நான். கட்சிப் பிரசாரம் வேறு, அரசியல் அறிவு வேறு. மாஸ்ரர் முன்னையதற்குப் பயந்து பின்னையதையும் சேர்த்து வெளியே எறிகிறார்.

பந்தைக் கையில் கொடுக்கும்போதே சில கேள்விகளையும் கொடுக்கலாம். இந்த அரங்கைக் கட்டியவர் யார், அவருக்குக் கூலி ஒழுங்காகக் கிடைத்ததா? இந்தப் போட்டிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? இந்த வீரர் ஏன் தேசிய கீதம் பாடவில்லை? இந்தத் தாய்மார் ஏன் வீதியோரத்தில் இருக்கிறார்கள்? இந்தச் செய்தியை எழுதியவர் அந்த இடத்தில் நின்றாரா? இவற்றைக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு உதைபந்தாட்டத்தின் இன்பம் ஒரு துளியும் குறையாது. கஸெலிக்குக் குறையவில்லை, அவர் கோல்கள் அடித்துக்கொண்டுதான் இருந்தார்.

சந்தியாகோ தேசிய அரங்கில் பழைய மரப்பலகை இருக்கைகள் கொண்ட ஒரு பகுதியைப் புதுப்பிக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய ஆட்டமானாலும் அங்கு எவரும் அமர்வதில்லை. நினைவை இழந்த மக்கள் எதிர்காலத்தை இழந்த மக்கள் என்ற பொருள்பட அதன்மேல் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வெற்று இருக்கைகளைப் பார்த்தபடிதான் இன்றைய சிலியின் பிள்ளைகள் ஆட்டத்தை இரசிக்கிறார்கள், கத்துகிறார்கள், கோலுக்குத் துள்ளுகிறார்கள். அரசியலும் ஆட்டமும் ஒரே அரங்கில் இருக்கமுடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

எமது துரையப்பா அரங்கில் அப்படியொரு இருக்கை இல்லை. ஏன் இல்லை என்பதை மாஸ்ரர் தம் மாணவர்களிடம் ஒருநாள் கேட்கட்டும். அவர்கள் சொல்லும் பதிலை எனக்கு எழுதி அனுப்பினால் மகிழ்ச்சியோடு வாசிப்பேன்.